முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சை எப்படி ஆரம்பிப்பது?

நடுப்பக்கம்:

வணக்கம். கேள்வி கொஞ்சம் சில்லறைத்தனமாகத் தெரியலாம், பரவாயில்லை, கேட்டுவிடுகிறேன்.

தெரிந்தவர்களோடு இருந்தால் நான் நன்றாகவே பேசுவேன். அலுவலகக் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்னாலும் பேசிவிடுவேன். ஆனால் லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர், மருத்துவமனையில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவர், காலை நடையில் தினமும் எதிரே வரும் அதே பெரியவர், இவர்களிடம் மட்டும் வாயே திறக்காது. மனசுக்குள் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டே இருப்பேன், அது எனக்குத் திருப்தியாக வருவதற்குள் அவர் இறங்கிப் போயிருப்பார்.

இணையத்தில் தேடினால் "பேச்சைத் தொடங்க ஐம்பது கேள்விகள்" என்று பட்டியல் பட்டியலாக வருகிறது. "உங்களுக்கு ஒரு மந்திர சக்தி கிடைத்தால் என்ன செய்வீர்கள்?" என்று டோக்கனோடு உட்கார்ந்திருப்பவரிடம் யாராவது கேட்பார்களா? கேட்டால் அவர் இடம் மாறி உட்காருவார், அதுதான் நடக்கும்.

நட்பு தேடவில்லை, காதலும் தேடவில்லை. சும்மா மனிதர்களோடு இரண்டு வார்த்தை இயல்பாகப் பேச வேண்டும், அவ்வளவுதான். இது கைவந்தவர்கள் சொல்லுங்கள். முதல் வாக்கியம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது? அப்புறம், எதிராளி முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வீர்கள்?

பாதசாரி:

நண்பரே, வாக்கியத்தை மனசுக்குள் தேடுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கல். அது கண்ணெதிரே இருக்கிறது. அவரும் நீங்களும் அந்த நிமிஷத்தில் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களோ அதைச் சொன்னால் போதும். டோக்கன் திரையில் ஒரே எண் வெகுநேரமாக நிற்கிறது என்று வையுங்கள். அவர் அதைப் பார்க்கிறார், கையிலிருக்கும் சீட்டைப் பார்க்கிறார், மறுபடி திரையைப் பார்க்கிறார்.

"நம்பர் நகரவே மாட்டேங்குதே?"

"ஆமா, உள்ள போனவர் இன்னும் வரலை."

"நீங்க எத்தனாவது?"

முடிந்தது. பேச்சு ஆரம்பித்தாகிவிட்டது. இதில் அறிவுபூர்வமாக ஒன்றுமில்லை, அவருக்குத் தெரியாத எதையும் நீங்கள் சொல்லவும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். மாலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் 1923-லேயே எழுதிவைத்தார்: நலம் விசாரிப்பது, வானிலை பேசுவது போன்ற பேச்சுகளின் வேலை செய்தி சொல்வது இல்லை, இருவருக்கு நடுவே ஓர் இணக்கத்தை உண்டாக்குவதுதான். ஆகவே முதல் வாக்கியம் சுவாரசியமாக இருந்தே தீரவேண்டும் என்ற பாரத்தை இறக்கி வையுங்கள். சொல்லப்போனால் ரொம்பச் சுவாரசியமான முதல் வாக்கியம் ஆபத்து. கேட்பவருக்கு அதே தரத்தில் பதில் சொல்லவேண்டிய சுமை வந்துவிடுகிறது, "இந்த ஆள் எதையோ விற்க வந்திருக்கிறார்" என்ற சந்தேகமும் வரும்.

பயிற்சி வகுப்புகளில் "ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியைக் கேட்காதே" என்று சொல்லிக்கொடுப்பார்கள். நேர்முகத் தேர்வுக்கு அது சரி. அந்நியரிடம் முதல் கேள்வியாக எனக்கு அது தலைகீழாகத்தான் படுகிறது. ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அவருக்கு வழி இருக்க வேண்டும். பேச விருப்பம் உள்ளவர் அந்த ஒற்றை வார்த்தையோடு நிறுத்தமாட்டார், தானாகவே கூட ஒன்றைச் சேர்ப்பார். மேலே பாருங்கள், "ஆமா" என்பதோடு "உள்ள போனவர் இன்னும் வரலை" என்று சேர்த்தார் அல்லவா, அதுதான் பச்சைக்கொடி. நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது அதை. புதிதாக இன்னொரு கேள்வியைத் தேடி ஓடாதீர்கள், அவர் சேர்த்துச் சொன்னதிலிருந்தே கேளுங்கள். கேரன் ஹுவாங் குழுவினர் 2017-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது. நிறையக் கேள்வி கேட்பவர்களை எதிராளிக்குப் பிடிக்கிறது, அதிலும் முக்கியமாக, சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டு அதையொட்டித் தொடர்ந்து கேட்பவர்களை.

இன்னொன்று. நிக்கோலஸ் எப்லியும் ஜூலியானா ஷ்ரோடரும் சிகாகோவில் ரயிலிலும் பேருந்திலும் வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஆய்வு செய்து 2014-ல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினர் பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டும், இன்னொரு பிரிவினர் தனியாக அமைதியாக வரவேண்டும், மூன்றாவது பிரிவினர் வழக்கம்போல. பேசினால் பயணம் மோசமாக இருக்கும் என்றுதான் அந்த ரயிலில் போகிறவர்கள் ஊகித்தார்கள். நடந்தது நேரெதிர், பேசியவர்களுக்குத்தான் பயணம் நன்றாக இருந்தது. ஏன் இந்த ஊகம் தப்பாகிறது என்றால், எதிரே இருப்பவருக்குப் பேச விருப்பம் இருக்காது என்று நாம் நினைக்கிறோம், அவர் நம்மைப் பற்றி அதையே நினைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்க்கிறார். இரண்டு பேரும் மரியாதைக்காகச் சும்மா இருக்கிறார்கள்.

செவ்வந்தி:

பாதசாரி அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒரு பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஒரு பெண்ணாக மறுபாதியை நான் சொல்கிறேன்.

என்ன பேசுகிறீர்கள் என்பதற்கு முன்னால், எங்கே நின்று பேசுகிறீர்கள் என்று பாருங்கள். அவர் நினைத்தால் எழுந்து போகமுடிகிற இடமா? பூங்கா, வரிசை, ஆட்கள் நடமாடும் காத்திருப்புக் கூடம் என்றால் பிரச்சினை இல்லை. இரவு பத்து மணிக்கு லிஃப்டில் நானும் முன்பின் தெரியாத ஓர் ஆணும் மட்டும் இருக்கும்போது அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், எவ்வளவு சாதாரணமாக "இன்னைக்கு லேட்டா?" என்று கேட்டாலும், எனக்கு அடுத்த தளம் எப்போது வரும் என்பதில்தான் கவனம் இருக்கும். அந்த இடத்தில் பேசாமல் இருப்பதுதான் பண்பு. ஜன்னலோர இருக்கையில் நான் உள்ளே, நீங்கள் வெளிப்பக்கம் என்றாலும் இதே கதைதான், நான் எழுந்துபோக உங்களைத் தாண்டியாக வேண்டும்.

எதிரே போய் நிற்காதீர்கள், பக்கவாட்டில் நின்று பேசுங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு பேசும்போது கண்ணைப் பார்த்தே ஆகவேண்டும் என்ற நெருக்கடி கிடையாது. காதில் இயர்போன் இருந்தால் விட்டுவிடுங்கள். அதைக் கழற்றச் சொல்லிச் சைகை காட்டி "சும்மாதான் கேட்டேன்" என்பவர்களை என்ன செய்வது என்றே தெரியவில்லை.

கேள்விகளிலும் கவனம் வேண்டும். "எங்க இருக்கீங்க?", "எங்க வேலை?", "தினமும் இந்த நேரத்துக்குத்தான் வருவீங்களா?" இதெல்லாம் கேட்பவருக்கு விகல்பமில்லாத கேள்விகள். கேட்கப்படுபவருக்கு அப்படி இல்லை, தன்னை எங்கே எப்போது பிடிக்கலாம் என்ற தகவலைக் கொடுக்கச் சொல்வதுபோல. அதேபோல உடம்பைப் பற்றி, முகத்தைப் பற்றி நல்லதாகக்கூட ஒன்றும் வேண்டாம். நான் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும் பொருளைப் பற்றிக் கேளுங்கள். "இந்தக் குடை காத்துக்கு மடங்காம நிக்குதே, எந்த மாதிரி கம்பி?" என்று ஒருவர் கேட்டார், நான் குடையைப் பிரித்தே காட்டினேன். அதற்கு என்ன பதில் சொன்னாலும் என்னைப் பற்றிய எதுவும் வெளியே போகாது, அதனால் தயக்கமே வரவில்லை.

முகத்தைத் திருப்பிக்கொண்டால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்றும் செய்யவேண்டாம். இரண்டு முறை குட்டிப் பதில் வந்தால் ஒரு தலையசைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஏன் பேசமாட்டேங்கறீங்க" என்ற கேள்வியோ, வருத்தமான முகமோ வேண்டாம். அவருக்குத் தலைவலியாக இருக்கலாம், கையில் வைத்திருக்கும் பரிசோதனை முடிவைப் பற்றிய பயமாக இருக்கலாம், அதையெல்லாம் உங்களிடம் விளக்கவேண்டிய கடமை அவருக்கு இல்லை.

பாதசாரி:

செவ்வந்தி, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். இதையொட்டி ஒரு விஷயம். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963-ல் கவனித்து எழுதியது. பொது இடத்தில் இரண்டு அந்நியர்கள் எதிர்ப்படும்போது ஒரு கணம் பார்க்கிறார்கள், உடனே பார்வையை விலக்கிக்கொள்கிறார்கள். "நீ இருப்பதைக் கவனித்தேன், உன்னால் எனக்குப் பயமில்லை, உன்னை நான் நோட்டம் விடவும் மாட்டேன்" என்று சொல்லாமல் சொல்வது அது. பார்க்காமலே போவதும் இல்லை, வெறித்துப் பார்ப்பதும் இல்லை. அந்த முதல் பார்வை விலகியபிறகு அவர் இரண்டாவது முறையாக உங்களைப் பார்த்தால், அதிலும் ஏதோ நடந்ததும் (ஒரு குழந்தை சத்தமாகச் சிரித்தது, மின்சாரம் போய் வந்தது) உடனே உங்கள் பக்கம் திரும்பினால், வாய் திறக்க அதைவிட நல்ல நேரம் கிடையாது.

கடைசிவரிசை:

எனக்கு ஒரு சந்தேகம். அந்த ரயில் ஆய்வில் பேசியவருக்குச் சந்தோஷம், சரி. பேச்சுக் கொடுக்கப்பட்டவரைக் கேட்டார்களா? நான் அந்த இரண்டாவது ஆள். பயணத்தில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் நாளில் யாரும் என்னிடம் எதுவும் கேட்காத நேரம். அதையும் ஒருவர் வந்து "இன்னிக்கு வெயில் ஜாஸ்தி" என்று எடுத்துக்கொண்டால் எப்படி?

பாதசாரி:

நியாயமான கேள்வி. அதே ஆய்வில் அதற்கும் ஒரு சோதனை இருந்தது, ரயிலில் இல்லை, காத்திருப்பு அறையில். பேசச் சொல்லப்பட்டவருக்கு இருந்த அதே அளவு மகிழ்ச்சி, தன்னிடம் பேச்சுக் கொடுக்கப்பட்டவருக்கும் இருந்தது. ஆனால் இது சராசரிதான். சராசரியில் நீங்கள் இல்லை என்றால் இல்லை, ஜன்னலைப் பாருங்கள், புத்தகத்தைத் திறந்துகொள்ளுங்கள், புரிந்துகொள்ளத் தெரிந்தவர் விலகிப்போவார்.

மேசைக்கு-அப்பால்:

நான் ஒரு வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அந்நியர்களோடுதான் பேச்சு. நடுப்பக்கம் அவர்களுக்கு ஒரு யோசனை: பழகிப்பார்க்க எங்களிடம் வாருங்கள். எங்களிடம் பேசுவதற்கு உங்களுக்கு ஏற்கெனவே ஒரு காரணம் இருக்கிறது, பேச்சு எப்போது முடியும் என்பதும் தெரியும், வேலை முடிந்தால் முடிந்தது. "அடுத்தவங்க வாங்க" என்று கூப்பிட்டதும் காகிதத்தை நீட்டுவதற்கு முன் ஒரே ஒரு வரி போதும்.

என்ன வரி என்று கேட்டால், எனக்கு மறக்காத ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் மேசையில் படிவம் எழுத ஒரு பேனாவை நூலில் கட்டி வைத்திருப்போம், யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று. ஒரு நாள் ஓர் அம்மா அந்தப் பேனாவை இடது கைக்கு இழுத்தார், நூல் எட்டவில்லை. படிவத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார், அப்போதும் எட்டவில்லை. நிமிர்ந்து, "இடது கைக்காரங்களுக்கு இங்க வேலை ஆகாது போல?" என்று சிரித்தார். அவ்வளவு காலமாக அந்த நூலை தினமும் பார்க்கிறவள் நான், எனக்கு அது கண்ணில் பட்டதே இல்லை. அப்புறம் என் மேல்அதிகாரியும் இடது கைக்காரர், அவர் எப்படிக் கையெழுத்துப் போடுகிறார் என்பது வரைக்கும் பேசினோம். பேனாவை இப்போது நடுவில் கட்டியிருக்கிறேன்.

ஆனால் இரண்டு எச்சரிக்கை. பின்னால் வரிசை நீண்டிருக்கும்போது வேண்டாம், நாங்கள் சிரிப்போம், ஆனால் உள்ளுக்குள் உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்பவரின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம், எங்கள் சிரிப்பு வேலையின் ஒரு பகுதி. அதை வேறு எதுவாகவும் எடுத்துக்கொண்டு நாங்கள் எழுந்துபோக முடியாத மேசையில் சாய்ந்து நிற்காதீர்கள். செவ்வந்தி சொன்ன அதே கணக்குதான்.

நடுப்பக்கம்:

எல்லோருக்கும் நன்றி. நேற்றுத் திரும்பவும் மருத்துவமனைக்குப் போகவேண்டி இருந்தது, பாதசாரி சொன்னதைச் செய்துபார்த்தேன். பக்கத்தில் இருந்தவர் ஒரு பெரிய எக்ஸ்ரே உறையை மடியில் வைக்கலாமா, தரையில் சாய்க்கலாமா என்று திண்டாடிக்கொண்டிருந்தார், இரண்டு முறை வழுக்கி விழுந்தது. "இதுக்குன்னே ஒரு நாற்காலி போடணும் இவங்க" என்றேன். "ஆமா சார், எனக்கே இடமில்ல, இதுக்கு எங்க" என்று அவர் ஆரம்பித்துவிட்டார். தோள்பட்டை, அதற்கு முன் முழங்கால், அவருடைய மகன் சைக்கிள் பந்தயத்துக்குப் போவது எல்லாம் வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது.

பிரச்சினை அதற்கப்புறம். பேச ஒன்றுமில்லாமல் போயிற்று. ஆனால் இரண்டு பேரும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறோம்! மறுபடி போனை எடுத்தால் தப்பாக நினைப்பாரோ, ஏதாவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டுமோ என்று ஒரே அவஸ்தை. ஆரம்பிப்பதைப் பற்றி மட்டும் கேட்டேன், முடிப்பதைக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

இலையுதிர்:

முடிப்பது எல்லோருக்கும்தான் வரவில்லை, கவலைப்படாதீர்கள். ஆடம் மாஸ்ட்ரோயானி குழுவினர் 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள், முன்பின் தெரியாத இருவரை உட்காரவைத்து, விருப்பமான நேரத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லிப் பேசவிட்டு, அப்புறம் தனித்தனியாகக் கேட்டது. இருவருமே விரும்பிய நேரத்தில் முடிந்த பேச்சுகள் சுமார் 2 சதவீதம்தான். எப்போதோ முடிந்திருக்கலாம் என்றவர்களும் உண்டு, இன்னும் போயிருக்கலாமே என்றவர்களும் உண்டு, ஒருவர் மனசு மற்றவருக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் நிலைமை வேறு. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் காத்திருக்கும்போது பேச்சை "முடிக்க" வேண்டிய அவசியமே இல்லை. உரையாடலை ஆராய்ந்த ஷெக்லாஃப், சாக்ஸ் இருவரும் 1973-ல் இதைத் தனியாகக் குறிப்பிட்டார்கள். ஒரே காரில் போகிறவர்கள், ஒரே அறையில் வேலை செய்கிறவர்கள் இவர்களுக்கு நடுவே பேச்சு நின்றால் அது முடிவு இல்லை, வெறும் இடைவெளி. விடைபெறும் சொல் எதுவும் தேவைப்படாது, மறுபடி ஆரம்பிக்க வணக்கமும் தேவைப்படாது. அதனால் பேச்சு ஓய்ந்ததும் ஒரு "ம்ம்" என்று சொல்லிவிட்டு, முகத்தை மெதுவாகத் திரைப் பக்கம் திருப்பி, போனை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் அது நிம்மதிதான். அப்புறம் உங்கள் எண் வந்து எழும்போது மட்டும் "வரேன் சார், தோள்பட்டையைப் பாத்துக்கங்க" என்று ஒரு வரி. அவர் சொன்னதிலிருந்து ஒன்றை எடுத்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினால் மனசில் நிற்கும்.

நின்றுகொண்டு பேசும்போதுதான் முடிக்கத் தெரிய வேண்டும். "நேரமாச்சு" என்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பதைவிட, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்பதைச் சொல்வது சுலபம்: "சரி, நான் இன்னொரு சுத்து நடந்துட்டு வரேன்." பொய்க் காரணம் வேண்டாம், சொல்லிவிட்டு அதையே செய்யுங்கள். இன்னொரு சுற்று என்று சொல்லிவிட்டுப் பெஞ்சில் போய் உட்கார்ந்தால் அவர் கண்ணில்தான் முதலில் படுவீர்கள்.

அப்புறம் வீட்டுக்கு வந்து "ஏன் நாற்காலி என்று உளறினேன்" என்று ஓட்டிப் பார்ப்பீர்கள், எல்லோரும் பார்ப்பார்கள். எரிகா பூத்பியும் மற்றவர்களும் 2018-ல் அளந்து பார்த்தது இது: பேசி முடித்தபின், எதிராளிக்கு நம்மை எவ்வளவு பிடித்தது என்று நாம் நினைப்பது, உண்மையில் பிடித்ததைவிடக் குறைவாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் அப்படித்தான்.

கடைசிவரிசை:

நான் பேசாத கட்சிதான், இருந்தாலும் கேட்கிறேன். முழு அந்நியர் சரி. ரொம்ப நாளாகத் தினமும் பார்க்கிற, ஆனால் ஒரு வார்த்தைகூடப் பேசாத ஆளை என்ன செய்வது? எனக்கு அப்படி ஒருவர் இருக்கிறார். ஒரே நிறுத்தம், ஒரே நேரம். இப்போது போய் வணக்கம் சொன்னால் "இவ்வளவு நாள் எங்கே போனீர்கள்" என்று கேட்பார் போல இருக்கிறது.

பாதசாரி:

உங்கள் ஆளுக்கு ஆராய்ச்சி உலகத்தில் தனி இடமே உண்டு. ஸ்டான்லி மில்கிராம் 1972-ல் இவர்களைப் பற்றி எழுதினார். அவருடைய மாணவர்கள் ரயில் நடைமேடையில் காத்திருந்தவர்களைப் படம் எடுத்து, பிறகு அதே நடைமேடையில் அதே ஆட்களிடம் காட்டி யார் யாரைத் தெரிகிறது என்று கேட்டார்கள். முகம் நன்றாகத் தெரிந்தும் ஒருநாளும் பேசாத ஆட்கள் பலருக்கும் இருந்தார்கள். நீங்கள் சொல்வதேதான் அவரும் சொன்னார், முற்றிலும் அந்நியரிடம் பேசுவதைவிட இவரிடம் பேசுவது கடினம், பேசாமல் கழிந்த காலமே ஒரு சுவராகிவிடுகிறது. ஆனால் வழக்கமான இடத்தைவிட்டு வேறெங்காவது அவரைச் சந்தித்தால் சுவர் இடிந்துவிடும், தூரத்து ஊரில் பார்த்தால் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருக்கும்.

தூரத்து ஊர் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வழக்கம் கொஞ்சம் கலைகிற நாள் போதும். வண்டி தாமதம், திடீர் மழை, நிறுத்தத்தை இடம் மாற்றிவிட்டார்கள், இப்படி ஏதாவது. அன்றைக்கு எல்லோரும் பேசுவார்கள், நீங்களும் பேசலாம். அதுவரை ஒரு தலையசைப்பு. முதல் நாள் அவர் பின்னால் திரும்பிப் பார்ப்பார், தன்னையா என்று. மூன்றாம் நாள் அவரே முந்திக்கொள்வார்.

இலையுதிர்:

இதில் அடுத்த கட்டச் சிக்கல் ஒன்று உண்டு, அனுபவித்துச் சொல்கிறேன். பேச ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருக்கும், மகளின் தேர்வு, அம்மாவின் ரத்த அழுத்தம் எல்லாம் தெரியும், பெயர் தெரியாது. கேட்கவும் கூச்சம். அதற்கு நான் கண்ட ஒரே வழி, முதலில் என் பெயரைச் சொல்வது. "இவ்வளவு நாளாப் பேசறோம், நான் பேரே சொல்லலை பாருங்க" என்று ஆரம்பித்தால் அவரும் சிரித்துக்கொண்டே தன் பெயரைச் சொல்லிவிடுவார், ஏனென்றால் அவருக்கும் அதே கூச்சம் இருந்திருக்கும்.

சொல்லும்போது வண்டிச் சத்தத்தில் சரியாகக் காதில் விழவில்லை என்றால் அங்கேயே திரும்பக் கேட்டுவிடுங்கள். தலையை ஆட்டிச் சமாளித்துவிட்டு அடுத்த மாதம் கேட்பது இதைவிடப் பெரிய கொடுமை.